பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10-ஐ மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கு இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதையொட்டி நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஏழெட்டு வருடம் ஓடிய லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியவை இந்தப் பதில்கள். புதிய இயங்குதளத்தைப் போடுவது இதில் சின்ன வேலைதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை அதிகம், பதில்களும் அங்கேதான் நீள்கின்றன.

விண்டோஸ் 10 இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது. ஏன் மாற்ற வேண்டும்?

ஓடும். இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் இல்லை. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. வைரஸ் தடுப்பான் தெரிந்த தீநிரல்களைப் பிடிக்கும். இயங்குதளத்தில் உள்ள ஓட்டையை அடைக்காது. ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே அக்டோபர் 14-இல்தான் ஆதரவு முடிந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இணையமே இல்லாமல் ஒரு மூலையில் பில் போடுவதற்கு மட்டும் இருக்கிற லேப்டாப் என்றால் அவசரமில்லை. வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் திறக்கிற லேப்டாப் என்றால் மாற்றத்தான் வேண்டும்.

என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறுமா?

முதலில் பிராசசரைப் பாருங்கள். இன்டெல் என்றால் பெயரில் சிறுகோட்டுக்குப் பின் வரும் எண்தான் தலைமுறை: ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, ஐ5-7200யு ஏழாம் தலைமுறை. எட்டும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் சரி. ஏழும் அதற்குக் கீழும் என்றால், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இல்லை. ஏஎம்டி ரைசனில் 2000 வரிசையில் சில உண்டு, சில இல்லை. பெயரில் 2000 இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம்.

மற்றபடி 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (சாவிகளைப் பாதுகாக்கும் சிப்), செக்யூர் பூட் வசதியுள்ள யுஇஎஃப்ஐ (லேப்டாப் தொடங்கும் புதிய முறை) ஆகியவை வேண்டும். 32 பிட் விண்டோஸ் 10-இலிருந்து நேராக ஏற்ற முடியாது, ஏனென்றால் விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டினால் எது குறைகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 ஏறும் என்பது உண்மை. பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் திணறும் என்பதும் உண்மை. 8 ஜிபி இல்லாமல் அந்தப் பக்கம் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டிபிஎம் இல்லை என்று காட்டுகிறது. லேப்டாப்போ ஒன்பதாம் தலைமுறை. என்ன செய்வது?

பெரும்பாலும் சிப் இருக்கும், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைத்திருப்பார்கள். லேப்டாப்பை அணைத்து, திரும்பப் போடும்போது பயாஸுக்குள் நுழையுங்கள். டெல், ஏசர் என்றால் எஃப்2. எச்பி என்றால் எஃப்10. லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2. உள்ளே 'செக்யூரிட்டி' பகுதியில் தேடுங்கள். இன்டெல் லேப்டாப்பில் இது பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கலாம். 'எனேபிள்' செய்யுங்கள். பக்கத்திலேயே 'கிளியர் டிபிஎம்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அந்த ஒரு அழுத்தில் மீட்புச் சாவி கேட்டு நின்றுவிடும்.

இன்னொரு கண்ணி, யுஇஎஃப்ஐக்கு முந்தைய 'லெகசி' முறை. விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். லெகசி என்று இருந்தால், பயாஸில் போய் யுஇஎஃப்ஐ என்று மாற்றியதும் விண்டோஸ் தொடங்காது. பதற வேண்டாம், மறுபடி லெகசி என்று மாற்றினால் பழையபடி வந்துவிடும். முறைப்படி செய்வதென்றால், விண்டோஸோடு வரும் 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவியால் முதலில் டிஸ்க்கின் அமைப்பை மாற்றிவிட்டு, அப்புறம் பயாஸை மாற்ற வேண்டும். பேக்கப் எடுக்காமல் இதில் இறங்காதீர்கள்.

தகுதி இல்லாத லேப்டாப்பிலும் 11 போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

போட முடியும் என்பதில் சந்தேகமில்லை. ரூஃபஸ் போன்ற கருவியில் நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும்போதே தகுதிச் சோதனைகளைத் தவிர்க்கச் சொல்லலாம். ஆனால் இப்படிப் போட்ட லேப்டாப்புக்குப் புதுப்பிப்பு வரும் என்று உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, பாப்கவுண்ட் என்ற கட்டளை இல்லாத மிகப் பழைய பிராசசர்களில் எந்தக் குறுக்கு வழியாலும் அது தொடங்கவே இல்லை.

நீங்களே கணினியை நோண்டிப் பழகியவர், பேக்கப் இருக்கிறது, இரண்டாவது லேப்டாப்பும் இருக்கிறது என்றால் செய்துபாருங்கள். அப்பாவின் லேப்டாப்பிலோ கடைக் கணக்கு லேப்டாப்பிலோ வேண்டாம். பாதுகாப்புப் புதுப்பிப்புக்காகத்தான் மாறுகிறோம். அது நிச்சயமில்லாத இடத்துக்குப் போய் என்ன பயன்?

ஓராண்டு தள்ளிப்போட வழி உண்டா?

உண்டு. வீட்டு உபயோகத்துக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 'விண்டோஸ் பேக்கப்' வழியாக அமைப்புகளை ஒத்திசைத்தால் இலவசம். 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுத்தும் சேரலாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வில் இருக்க வேண்டும். அப்போதுதான் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். புதிய லேப்டாப் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

சரி, மாற்றப்போகிறேன். முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். பேக்கப் எடுப்பதற்கும் முன்னால் இதுதான். இயங்குதளத்தை ஏற்றும்போது டிஸ்க் மணிக்கணக்கில் ஓயாமல் படித்து எழுதும். ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அப்புறம் 'அப்டேட் போட்டதால் லேப்டாப் போய்விட்டது' என்பார்கள்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் மேலே ஒரு சொல் தெரியும். 'குட்' என்றால் தொடரலாம். 'காஷன்' என்றால் அந்த டிஸ்க்கில் எதையும் ஏற்றாதீர்கள். முக்கியமான கோப்புகளை முதலில் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். 'பேட்' என்றால் லேப்டாப்பை அடிக்கடி போட்டு அணைப்பதைக்கூட நிறுத்துங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் மென்பொருள் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பேட்டரியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ அடிமூடி சரியாக உட்காராமல் இருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியென்றால் இயங்குதளத்தை மறந்துவிட்டு முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள்.

பேக்கப்பில் எதையெல்லாம் எடுக்க வேண்டும்?

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். இவற்றை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். அழுகை வருவது இவற்றுக்கு வெளியே இருப்பவற்றால்தான்.

கணக்கு எழுதுபவர்கள் டாலி என்ற கணக்கு மென்பொருளைக் கவனியுங்கள். அதன் டேட்டா பெரும்பாலும் டாக்குமென்ட்ஸில் இருக்காது. சி டிரைவில் 'பப்ளிக்' ஃபோல்டருக்குள்ளோ, பழைய டாலி ஈஆர்பி 9 என்றால் அதன் சொந்த ஃபோல்டருக்குள்ளோ இருக்கும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அதன் பாதை தெரியும். குறித்துக்கொண்டு அந்த ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். டாலியின் சொந்த பேக்கப்பையும் எடுங்கள். டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய நிறுவலில் அதை ஏற்கச் செய்ய அலைய வேண்டியிருக்கும். ஜிஎஸ்டிக்கோ டெண்டருக்கோ டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால், சான்றிதழ் டோக்கனிலேயே இருக்கும், அது பத்திரம். அதன் டிரைவரைத்தான் திரும்பப் போட வேண்டும். எந்த கம்பெனி டோக்கன் என்று எழுதி வையுங்கள்.

அடுத்தது தமிழ் எழுத்துருக்கள். இதை யாரும் நினைப்பதில்லை. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் நம்மில் பலரிடம் இருக்கின்றன: கல்யாணப் பத்திரிகை, சங்கத்தின் தீர்மானப் புத்தகம், தாத்தா எழுதிய குடும்ப வரலாறு. கோப்பை மட்டும் எடுத்துவைத்துப் புதிய விண்டோஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பித் தெரியும். எழுத்து அழிந்துவிடவில்லை, அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அதனால் சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து அவற்றையும் நகலெடுங்கள். கையோடு முக்கியமான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது.

மின்னஞ்சலை அவுட்லுக்கில் இறக்கி வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல்கள் அடங்கிய அதன் பிஎஸ்டி கோப்பை எடுக்க வேண்டும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் கணக்கோடு ஒத்திசைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெஸ்க்டாப்பில் கோப்பின் பெயர் தெரியும், பக்கத்தில் மேகக் குறி இருக்கும். அப்படியென்றால் கோப்பு லேப்டாப்பில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகலெடுக்கும் முன் அவற்றை லேப்டாப்பிலேயே வைத்திருக்கும்படி வலது கிளிக் செய்து சொல்லுங்கள்.

எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். இது முடியும்வரை அடுத்த கேள்விக்கே போக வேண்டாம். பேக்கப் என்று சொல்லி அதே டிஸ்க்கின் டி டிரைவில் போட்டு வைப்பவர்களும் உண்டு. சி, டி எல்லாம் ஒரே டிஸ்க்கின் பகுதிகள்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

பிட்லாக்கர் சாவி கேட்டு நிற்கிறது என்கிறார்களே, அது என்ன?

டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. பயாஸில் கை வைத்தால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே அந்தக் கணக்கில் நுழைந்து சாவியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு லேப்டாப்பை விற்ற கடைப் பையன் உருவாக்கியது, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்ற நிலை இருந்தால், முதலில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' பகுதியில் பூட்டை எடுத்துவிட்டு மேலே போங்கள். சாவி இல்லாமல் மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பதை எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது.

எஸ்எஸ்டி மாற்றுவது அவசியமா?

எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகமில்லாத, வேகமான டிஸ்க். உங்கள் லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், என்னைக் கேட்டால், இயங்குதளத்தை விட இதற்குத்தான் முதல் இடம். மெதுவாக ஓடுகிறது என்று வருகிற பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் மருந்து. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும்.

பாதுகாப்பு நோக்கிலும் இதில் பெரிய லாபம். புதிய எஸ்எஸ்டியில் புதிய இயங்குதளத்தைப் போடுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு வைத்துக்கொண்டால் அதுவே தொடாத பேக்கப். ஏதாவது சரிப்படவில்லை என்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

ரேமும் சேர்ப்பதாக இருந்தால் டிடிஆர்3எல்லா டிடிஆர்4ஆ என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. மெலிதான மாடல்களில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை.

இருப்பதன் மேலேயே ஏற்றுவதா, துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதா?

மேலே ஏற்றினால் மென்பொருள்கள், எழுத்துருக்கள், பிரிண்டர் எல்லாம் அப்படியே இருக்கும். கணக்கு மென்பொருள் ஓடுகிற லேப்டாப்புக்கு இதுவே நல்லது. பல வருடக் குப்பையும் கூடவே வரும் என்பதுதான் குறை. எஸ்எஸ்டி மாற்றுகிறவர்களும் வைரஸ் சந்தேகம் உள்ளவர்களும் புதிதாகப் போடட்டும்.

நிறுவும்போது 'கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' என்று கேட்கும் திரையில் நிதானமாகப் படியுங்கள். சில நேரம் அந்தத் தேர்வு மங்கிப்போய், 'நத்திங்' மட்டும் அழுத்தக்கூடியதாக இருக்கும். மொழியோ பதிப்போ பொருந்தவில்லை என்று அர்த்தம். அங்கே நிறுத்திவிட்டு சரியான கோப்பை இறக்குங்கள்.

சீரியல் கீ வாங்க வேண்டுமா?

உரிமமுள்ள விண்டோஸ் 10 செயல்பட்டுக்கொண்டிருந்தால் வேண்டாம். அந்த உரிமம் லேப்டாப்பின் மதர்போர்டோடு பதிவாகியிருக்கும். புதிதாகப் போடும்போது கீ கேட்டால் 'என்னிடம் இல்லை' என்று சொல்லிவிட்டு அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்: ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ. இணையத்தோடு இணைந்ததும் தானே செயல்படும். விண்டோஸ் 7, 8 கீகளைக் கொண்டு மேலே வரும் வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

உரிமமில்லாமல் விண்டோஸைச் செயல்படவைக்கும் 'ஆக்டிவேட்டர்' போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். அதை ஓட்ட முதலில் டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

டேட்டா. விண்டோஸ் 11 கோப்பு 5 ஜிபிக்கும் மேல். தினம் ஒன்றரை ஜிபி திட்டத்தில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்க முடியாது. பிராட்பேண்ட் உள்ள வீட்டில் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

மின்சாரம். பேட்டரி செத்து, சார்ஜரில் மட்டும் ஓடுகிற லேப்டாப் என்றால், மின்வெட்டு வந்த அந்த நொடியே அணைந்துவிடும். யுபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டரிலோ செருகுங்கள். பயாஸ் புதுப்பிப்பு போடுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம்: விண்டோஸ் பாதியில் நின்றால் மறுபடி போடலாம், பயாஸ் பாதியில் நின்றால் மதர்போர்டே போகலாம்.

மற்ற வைரஸ் தடுப்பான்களை நீக்கிவிட்டு, பிரிண்டர், டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

37 சதவீதத்தில் நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்தலாமா?

பொறுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரே எண்ணில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பது சாதாரணம். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை கை வைக்காதீர்கள். பல மணி நேரம் எந்த அசைவும் இல்லை என்றால் மட்டும் அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

புதியது பிடிக்கவில்லை. திரும்பிப் போகலாமா?

மேலே ஏற்றியிருந்தால் 10 நாட்களுக்குள் 'ரெக்கவரி' பக்கத்தில் 'கோ பேக்' அழுத்தலாம். பழைய விண்டோஸ் அதுவரை 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற ஃபோல்டரில் காத்திருக்கும். இடம் அடைக்கிறதே என்று அதை அழித்தால் திரும்பும் வழியும் அழிந்தது. அந்தப் பத்து நாளுக்குள் பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன், கணக்கு மென்பொருள், வைஃபை எல்லாவற்றையும் ஒருமுறை வேலை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

இல்லை, லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும், 4 இருந்தால் நிம்மதி. பழைய லேப்டாப்புக்கு அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏற்றது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் முதலில் வந்தவை 2 ஜிபி ரேம் கொண்டவை. விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் அவற்றில் போட்டுக் கொடுத்தார்கள். அவை இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. 4 ஜிபி ரேமும் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் போட்டால் படிக்க, எழுத, காணொளி பார்க்க எழுந்து உட்காரும்.

இதில் பிடித்த விஷயம், போடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பென்டிரைவிலிருந்து தொடங்கினால் டிஸ்க்கில் எதையும் தொடாமல் மிண்ட் ஓடும். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், டச்பேட் எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள். டிரைவரை இறக்க அது போதும்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சுப்பொறி முறை மூன்றும் கிடைக்கும். டாலி நேரடியாக ஓடாது. எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் தொல்லை தராது. நம்மூர் அலுவலகங்களில் நிறைய இருக்கிற கேனன் எல்பிபி 2900 வைத்திருந்தால் இரண்டு முறை யோசியுங்கள், அதன் டிரைவர் லினக்ஸில் படுத்தும்.

விண்டோஸையும் மிண்டையும் சேர்த்து வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் ஒரே டிஸ்க்கைப் பிரிப்பதில்தான் அதிகம் பேர் டேட்டாவை இழக்கிறார்கள். நிறுவும்போது 'இரேஸ் டிஸ்க்' என்ற தேர்வு முழு டிஸ்க்கையும் துடைத்துவிடும், டி டிரைவையும் சேர்த்து. முடிந்தால் விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, தனி எஸ்எஸ்டியில் மிண்டைப் போடுங்கள்.

குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ்?

கூகுள் தரும் இந்த இயங்குதளம் பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்குச் சரி. ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் ஓடாது. அது தெரியாமல் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

பழைய டிஸ்க்கை எப்போது அழிக்கலாம்?

புதியதில் ஒரு ஜிஎஸ்டி மாதமோ ஒரு வரித் தாக்கலோ முடியும்வரை வைத்திருங்கள். அதற்குப் பிறகு விற்பதாக இருந்தால் வெறும் 'குவிக் ஃபார்மட்' போதாது, கோப்புகளைத் திரும்ப எடுத்துவிடலாம். விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் முடிந்திருக்கும்.